காற்றிலும் ஒரு பங்கு



கோப்பன்ஹேகனுக்கு எதிரே, மிடில்குறுண்டன் கடல்மேட்டில், 2000ஆம் ஆண்டில் 20 காற்றாலைகள் எழுந்தன. பத்து, மின் நிறுவனத்துக்கு. மற்றப் பத்து, கூட்டுறவாகச் சேர்ந்த 8,500க்கு மேற்பட்ட மக்களுக்கு. ஒரு பங்கின் விலை அன்று 4,250 குரோனர். அது ஆண்டுக்கு 1,000 அலகு மின்சாரத்துக்கு ஈடு என்று கணக்கிட்டிருந்தார்கள். நிலக்கரி எரிக்காத மின்சாரம்.

அப்போது டெனிஷ் நண்பர் ஒருவர் என்னையும் சேரச் சொன்னார். கணக்காளனான நான், "காற்றுக்குக் காசா?" என்று சிரித்துவிட்டுச் சீட்டுக்குக் கட்டினேன். பூமி சூடாவது அன்று என் கணக்கில் வரவில்லை.

சீட்டும் நம்பிக்கையில் நடக்கும் கூட்டு முயற்சிதான். பத்துக் குடும்பம் கூடிச் சீட்டு நடத்தத் தெரிந்த எங்களுக்கு, காற்றாலைக்கும் சூரியத்தகட்டுக்கும் பங்கு சேர்க்கத் தெரியாதா? கடன், பராமரிப்புச் செலவு, சங்க விதிகள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு இறங்குங்கள். இந்த முறை நான் சிரிக்கமாட்டேன்.