கதவில்லாத அலமாரி



அடுப்படியைப் புதுப்பிக்கலாம் என்று ஆளை வரவழைத்து மதிப்பீடு கேட்டவர்கள், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். சாமான் வைக்கும் தட்டுகளோடு அந்தக் கணக்கு நிற்பதில்லை. அவற்றை மூடும் கதவுகள் வருகின்றன. அவற்றுக்குப் பிளைவுட், மேலே ஒட்ட லாமினேட், சத்தமில்லாமல் மூடும் கீல், கைப்பிடி, இத்தனையையும் பொருத்தத் தச்சர் கூலி.

கதவு வேண்டாம் என்றால் இதில் கணிசமாகக் குறையும். எங்கே வேண்டாம் என்பதில்தான் யோசனை தேவை.

முதலில் மேடைக்குக் கீழே. மாடுலர் கிச்சன் வருவதற்கு முன்பு நம் வீடுகளில் அங்கே கடப்பா கல் பலகைகள்தாம் இருந்தன. கரையான் அரிக்காது, தண்ணீர் பட்டால் உப்பாது. சிங்குக்குக் கீழே குழாய் கசிந்தால் அன்றைக்கே கண்ணில் படும். மூடிய பெட்டிக்குள் என்றால் பார்ட்டிகிள் போர்டு ஊறி வீங்கிய பிறகுதான் தெரியும். கேஸ் சிலிண்டரை வைக்கவும் திறந்த இடமே நல்லது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதைக் கதவு போட்டு அடைப்பது, காசு கொடுத்து ஆபத்தை வாங்குவது.

மேல் வரிசைக்கு இந்த விதி பொருந்தாது. நம் சமையலில் தாளிப்பும் வறுவலும் உண்டு. எண்ணெய்ப் புகை எழுந்து, தூசியோடு சேர்ந்து பிசுக்காகப் படியும். அதனால் அடுப்புக்கு நேர் மேலேயும் பக்கத்திலும் திறந்த தட்டு வேண்டவே வேண்டாம். தள்ளி இருக்கும் சுவரில் வையுங்கள். அங்கேயும் அன்றாடம் புழங்கும் தட்டு, டம்ளர், குழம்புச் சட்டி மட்டும். தினமும் கழுவும் பாத்திரத்தில் பிசுக்கு ஏற நேரம் கிடையாது. தீபாவளிக்கு மட்டும் இறங்கும் முறுக்கு அச்சை அங்கே வைத்தால், பலகாரம் சுடுவதற்கு முன் அதைத் தேய்ப்பதே ஒரு வேலை. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எண்ணெய் எல்லாம் வெளிச்சம் பட்டால் கெடும். அவற்றுக்காகக் கதவுள்ள அலமாரி ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் பார்த்த அழகுக்காகத் திறந்த தட்டு போட்டு, பிறகு அதில் அடுக்க ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடிகளாக வாங்கிக் குவிப்பவர்கள் இருக்கிறார்கள். கதவில் மிச்சம் பிடித்த காசு ஜாடிக்குப் போய்விடுகிறது! இருக்கிற எவர்சில்வர் டப்பாக்களுக்கு என்ன குறைச்சல்?

கல்லின் எடையையும் மறக்கக் கூடாது. 5 அடி நீளம், 1 அடி அகலம், முக்கால் அங்குலக் கனமுள்ள கடப்பா பலகை ஒன்றே ஏறக்குறைய 24 கிலோ இருக்கும். மேலே அடுக்கும் பாத்திரம் தனி. உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஸ்க்ரூ அடித்து இதைத் தொங்கவிட முடியாது. சுவரில் காடி வெட்டிச் செருகி, இடையிடையே நிற்கும் கல் கொடுத்துத் தாங்க வேண்டும். கடப்பா என்பது ஒருவகைச் சுண்ணாம்புக் கல். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் மேற்பரப்பு வெளிறிப் போகும். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும்கூடத் தடம் விடும். சோப்புத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும்.

கொத்தனார் வருகிற அன்று, வீட்டிலேயே உயரமான டப்பாவை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். அதற்கு மேல் 2 அங்குலம் விட்டு அடுத்த தட்டுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். இதெல்லாம் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். ஒட்டிய பிறகு காடி வெட்டினால் டைல்ஸும் உடையும், கூலியும் இரண்டாகும்.