கழற்றிப் பார்த்த கை



கோவையை அடுத்த சூலூர்ப் பக்கம் கலங்கல் கிராமம். 1893இல் அங்கே பிறந்தவர் ஜி.டி. நாயுடு. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இவருக்கோ அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கையில் காசில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். இலை போட்டு, சாம்பார் ஊற்றிச் சேர்த்த காசில் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி ஊர் சுற்றினாரா? இல்லை ஐயா, மொத்தத்தையும் கழற்றிப் போட்டார்! பிறகு திரும்ப மாட்டினார். மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

நடுவில் பஞ்சு வியாபாரம். சம்பாதித்ததைப் பம்பாயில் தொலைத்துவிட்டு வந்தார். பாராட்டு மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்; முதல் கடையை மூடிவிட்டு வந்தவர்கள் இங்கேயும் நாலு பேர் உட்கார்ந்திருப்பீர்கள்.

1920இல் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை கைகொடுக்க, ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். அதுதான் பின்னாளில் யூ.எம்.எஸ். என்று பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. பஸ் ஓடுகிறது, பணம் வருகிறது. வேறொருவராக இருந்தால் திண்ணையில் சாய்ந்திருப்பார். இவர் பாட்டரியில் ஓடும் ரேசர் செய்தார். 1937இல் கோவைத் தொழிலதிபர் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து நம் நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார். இன்று ஊர் ஊராகக் கிணற்றில் கோயம்புத்தூர் மோட்டார் ஓடுகிறதே, அந்தக் கதையின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

1945இல் பாலிடெக்னிக், கூடவே பொறியியல் கல்லூரி தொடங்கினார். அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி., கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளிப் படிப்பே பிடிக்காதவர் அங்கே முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார்! நாலு வருடப் படிப்பு வீண், இரண்டே வருடம் போதும் என்றார். அரசு ஒப்பவில்லை, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இரண்டு வருடம் போதுமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் கையில் கருவி பிடிக்காமல் பட்டம் வாங்கிப் பயனில்லை என்ற அவர் கோபம் நியாயமானது.

அந்தக் கருவி பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர, பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலையில் ஓடாமல் கிடக்கும் மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கொடுங்கள், ஒரு ஸ்பேனர் செட்டோடு.