ஆர்கனின் தட்டொலியும் சொல்முதல் வல்லினமும்

மொழியியல் பயின்றவர்க்கு ஆர்கன் கருவியைப் பற்றி என்ன பேச்சு என்று ஆசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். 'கல்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் எழுத்து ஒன்றே. ஒலிப்பு மட்டும் ஏன் வேறு? மாணவர் வழக்கமாக எழுப்பும் இவ்வினாவிற்கு விளக்கம் தேடியே நாம் அக்கருவியிடம் சென்றோம்.

லாரன்ஸ் ஹாமண்ட் 1934இல் காப்புரிமை பெற்ற மின் ஆர்கனில், விளிம்பில் மேடுபள்ளம் கொண்ட உலோகச் சக்கரங்கள் காந்தங்களின் முன்னே சுழன்று மின்னலைகளைத் தோற்றுவிக்கும். கட்டையை அழுத்தியதும் ஒலி முழு அளவில் எழும்; விடும்வரை அப்படியே நிற்கும். பியானோவிலோ சுத்தியல் கம்பியைத் தாக்குவதும், பின்னர் ஒலி தேய்வதும் உண்டு. நம் வழக்கில் சொன்னால், ஆர்கனுக்கு உயிர் இருந்தது. வல்லின மெய் இல்லை. கட்டைகளின் தொடுமுனைகள் எழுப்பிய 'டிக்' என்ற சிற்றொலியைப் பொறியாளர் குறையென்றே கருதினர். இசைஞர்க்கோ அது பிடித்துப் போயிற்று!

1950களின் நடுவில் வந்த பி-3 வகையில் 'பெர்கஷன்' என்னும் வசதி சேர்ந்தது. தட்டொலி என்போம், மத்தளத்தை எண்ண வேண்டா. மேல்வரிசைக் கட்டையை அழுத்தும் கணத்தில் இரண்டாம் சீரிசையோ மூன்றாம் சீரிசையோ கூடுதலாக ஒலித்து விரைவில் மறையும். அழுத்திய சுரம் சட்ஜமெனின், முன்னது மேல் ஸ்தாயிச் சட்ஜம். பின்னது அதற்கும் மேலுள்ள பஞ்சமம். ஜிம்மி ஸ்மித்தின் ஜாஸ் வாசிப்பில் இத்தொடக்கத்தைத் தெளிவாகக் கேட்கலாம்.

இதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. கட்டைக்கொரு தட்டொலிச் சுற்று அங்கு இல்லை; வரிசை முழுமைக்கும் ஒன்றே. கட்டையை அழுத்தியதும் அச்சுற்றின் மின்தேக்கியில் மின்னழுத்தம் மாறத் தொடங்கும்; அதனோடு தட்டொலியும் தேயும். எல்லாக் கட்டைகளையும் விட்ட பின்னரே சுற்று பழைய நிலைக்கு மீளும். ஒரு விரல் தங்கியிருந்தாலும் அடுத்த சுரத்திற்குத் தட்டொலி கிடையாது. இச்சுற்றைத் தூண்டும் பணியை ஒன்பதாம் இழுகோலின் தொடுமுனைகளுக்கே தந்துவிட்டமையால், தட்டொலி இயங்குங்கால் அவ்விழுகோல் ஊமையாகிவிடும்.

சொல்முதல் ககரத்தில் நாவின் பின்பகுதி மூச்சை முற்றும் அடைத்துத் திறக்கிறது. ஆகவே வெடிப்பு கேட்கிறது. 'பகல்' என்பதில் குரலோசை அறுபடாது ஓடுவதால் அடைப்பு தளர்கிறது. ஒப்புமை முழுமையன்று: 'பக்கம்' எனின் சொல்லிடையிலும் அடைப்பு மீளும், 'தங்கம்' எனின் மெல்லினத்தை அடுத்துக் குரலொலி சேரும். ஆர்கன் அவ்வளவு இலக்கணம் அறியாது. எனினும், ஓரெழுத்துக்குப் பல ஒலி என்பதைத் தமிழெழுத்தின் குறையாகப் பேசுவோர் இதனை எண்ணுதல் நன்று. பி-3இல் தட்டொலிச் சுவிட்சு போட்டபடியே இருக்கும். எந்தச் சுரத்திற்கு அது கேட்கும் என்பதை முடிவு செய்வது அதற்கு முன்னிருக்கும் இடைவெளி.

ஒலியலையைத் திரையில் காட்டும் செயலி ஒன்றில் மாணவரை 'கல்', 'பகல்', 'பக்கம்' என மூன்றையும் சொல்லச் செய்யுங்கள். முதலாவதன் தொடக்கத்தில் கூரிய எழுச்சி தெரியும். இரண்டாவதன் நடுவில் அலை மெலியுமேயன்றி அறாது. மூன்றாவதன் நடுவில் வெற்றிடமும் அதனையடுத்து எழுச்சியும் தோன்றும்.