கூலி: ஊதியமா, வசையா?

இன்றைய அரங்கில் எடுத்துக்கொள்ளப்படுவது ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஆறு எழுத்து. தமிழில் இரண்டே எழுத்து. கூலி.

ஜொகூரில், குளுவாங்கிலோ ரெங்கத்திலோ உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். பள்ளியிலிருந்து வந்த பேரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருகிறான்.

"தாத்தா, ஒரு பையன் என்னைக் 'கூலி'ன்னு கூப்பிட்டான்."

பால்மரம் வெட்டி வளர்ந்த தாத்தாவுக்குச் சட்டென்று புரியவில்லை. "கூலியா? அது நாங்க கையில வாங்கினதுடா. உன்னை எப்படி அப்படிக் கூப்பிடுவான்?"

இருவரும் சொல்வது ஒரே சொல்தான். ஆனால் பேரன் காதில் விழுந்தது ஆங்கிலச் சொல். தாத்தா மனத்தில் இருந்தது தமிழ்ச் சொல். இரண்டுக்கும் இடையில் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டிய பணம் அல்லது தானியம். வேலை செய்பவருக்குக் கூலியாள், கூலிக்காரர் என்று தனிப் பெயர் உண்டு. வண்டிக்கூலி, தையற்கூலி என்கிறோம். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று இன்றும் கணக்குப் போடுகிறார்கள். திருவள்ளுவர் 619ஆம் குறளில், உழைப்புக்குக் கிடைக்கும் பலனைக் குறிக்க இந்தச் சொல்லைத்தான் எடுத்தாண்டார். வள்ளுவர் வாயில் வந்த சொல் வசைச் சொல்லாக மாறியது எப்படி?

இங்கேதான் அறிஞர்கள் பிரிகிறார்கள். மேற்கு இந்தியாவில், குஜராத் பக்கம், கோலி என்றொரு சமூகத்தார் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த போர்த்துக்கீசியரின் எழுத்துகளில் அவர்கள் பெயர் வருகிறது. அந்தக் குலப்பெயரே பிறகு வேலையாளுக்குப் பொதுப்பெயர் ஆயிற்று என்பது ஒரு கருத்து. தமிழ்க் கூலியே மூலம் என்பது இன்னொரு கருத்து. ஹென்றி யூல், பர்னல் ஆகிய இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற புகழ்பெற்ற அகராதி இரண்டையுமே பதிவு செய்திருக்கிறது. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் 'குல்' என்ற சொல்லையும் சிலர் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். சீனர்களோ இதே ஒலியை 'கூ லி' என்று இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். அவற்றின் பொருள் 'கசப்பு', 'வலிமை'. மலாயில் கூலி என்றால் வேலையாள்தான். ஊதியத்துக்கு அங்கே 'உப்பா' என்று வேறு சொல் இருக்கிறது.

மூலம் எதுவானாலும், அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது கரும்பும் ரப்பரும். பிரிட்டிஷ் காலனிகளில் 1834இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. உடனே தோட்ட முதலாளிகளுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டனர். மொரிஷியஸ், பிரிட்டிஷ் கயானா, பிறகு நேட்டால், மலாயா என்று கப்பல்கள் புறப்பட்டன. கப்பலேறியவர்கள் எல்லாருக்கும் ஆங்கிலப் பதிவேடுகள் இட்ட ஒரே பெயர் 'கூலி'. கொடுக்க வேண்டிய சம்பளத்தின் பெயரை எடுத்து ஆளின் தலையில் வைத்துவிட்டார்கள். சம்பளமோ சுருங்கிக்கொண்டே போயிற்று.

1893இல் தென்னாப்பிரிக்காவில் இறங்கிய காந்தி, சட்டம் படித்தவராயிருந்தும் 'கூலி பாரிஸ்டர்' என்றே அழைக்கப்பட்டார். அங்கே தமிழர்களை வெள்ளையர்கள் 'சாமி' என்றும் கூப்பிட்டார்கள். சூட்டிகையான சிலர், "சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்களுக்கு எஜமான் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்ததைக் காந்தி தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்.

மலாயாவில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆளைக் கூலி என்று எண்ணினார்கள். சம்பள நாளில் முன்பணம், அரிசிக் கடன் என்று பிடித்ததுபோக, கைக்கு வந்த கூலி எவ்வளவு என்பதை லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களே அறிவார்கள்.

இந்த இரண்டு கூலியும் ஒரே இடத்தில் மோதிய சம்பவம் ஒன்று உண்டு. அது ஜொகூருக்கு வடக்கே, சிலாங்கூரில் 1941இல் நடந்த கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். தொழிலாளர்கள் கேட்டது சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களுக்குக் காசு வேறு, மானம் வேறு என்று இருக்கவில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, அதன் பெயரில் 'தொழிலாளர்' என்ற சொல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

ஆகவே பேரனுக்குத் தாத்தா சொன்னது சரியான பதில். கூலி என்பது ஒருவர் உழைத்த பிறகு இன்னொருவர் கொடுத்தே தீர வேண்டிய கடன். அதைக் கேட்டு வாங்குவதில் எந்த வெட்கமும் இல்லை. கொடுக்காமல் விட்டவர்தான் வெட்கப்பட வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஜொகூர்த் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இன்று குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்த விதி வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். ஆனால் சாப்பாட்டுக் கடையிலோ கட்டுமான இடத்திலோ அவர்களைப் பார்த்து, "கூலிதானே" என்று இளக்காரமாகச் சொல்லும் குரல்களில் தமிழ்க் குரலும் கலந்திருக்கிறது. நம் பாட்டன் பூட்டனுக்கு வலித்த அதே சொல்.

அடுத்த முறை அந்தச் சொல் நாக்கில் வரும்போது தமிழ்ப் பொருளில் வரட்டும். "அவர் கூலி" என்று சொல்வதை விட்டு, "அவருக்குக் கூலி கொடுத்தாயிற்றா?" என்று கேட்போம்.