மனத்தை அளக்கும் தராசு யார் கையில்?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரயில்வே குமாஸ்தா. பார்சல் ஆபீசில் மூட்டைகளைத் தராசில் ஏற்றி எடை எழுதியவன். மனிதனின் கோபத்தை எடை போட முடியுமா? அமெரிக்காவில் போடுகிறார்கள். அதற்கு அரசாங்கம் பணமும் தருகிறது. அது வீண் செலவா, வேண்டிய செலவா என்பதுதான் இன்றைய பேச்சு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1948-இல் தொடங்கிய தேர்தல் ஆய்வு இது. 1977 முதல் தேசிய விஞ்ஞான அறக்கட்டளை என்ற அரசு நிறுவனம் இதற்குப் பணம் தந்து வந்திருக்கிறது. ஒரு தலைவரின் பெயரைச் சொல்லி, “இவர் மேல் உங்களுக்கு எத்தனை டிகிரி?” என்று வாக்காளரைக் கேட்பார்கள். பூஜ்யம் என்றால் கடும் வெறுப்பு. 50 என்றால் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. 100 என்றால் உயிர். 1980-லிருந்து இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: இவரால் உங்களுக்குக் கோபம் வந்ததா, பயம் வந்ததா, நம்பிக்கை வந்ததா?

கண்டது என்ன? 1970களின் கடைசியில் மாற்றுக் கட்சிக்கு மக்கள் தந்தது 50-ஐ ஒட்டிய டிகிரி. 2020-இல் அது 20-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. சொந்தக் கட்சி மேல் பாசம் அதற்கேற்ப ஏறவில்லை. அன்பு வளரவில்லை, வெறுப்பு மட்டும் வளர்ந்தது! நாற்பது வருஷம் அதே தராசில் நிறுத்ததால்தான் இது தெரிந்தது.

டாம் கோபர்ன் என்ற செனட்டர் இதெல்லாம் தண்டச் செலவு என்றார். டெலிவிஷன்காரர்களும் கட்சிகளும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது 2009-இல் அவர் வாதம். தேசப் பாதுகாப்புக்கோ பொருளாதார நலனுக்கோ உதவும் என்று சான்று தந்தாலன்றி அரசியல் ஆய்வுக்கு அந்த நிறுவனம் பணம் தரக்கூடாது என்று 2013-இல் அவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. மறு வருஷமே அந்தத் தடை நீங்கியது.

வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது தவறில்லை. ஆனால் கட்சிகள் அளக்காமலா இருக்கின்றன? எந்தப் பேச்சுக்கு நமக்கு ரத்தம் கொதிக்கும் என்று சொந்தக் காசில் அளந்து, முடிவைப் பெட்டியில் பூட்டிக்கொள்கின்றன. பல்கலைக்கழக ஆய்வையோ, பதில் சொன்னவர் பெயர் நீக்கி, காசில்லாமல் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

அரசாங்கப் பணம் என்பதாலேயே நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 1964-இல் அமெரிக்க ராணுவம் காமெலாட் என்ற திட்டம் போட்டது. பிற நாடுகளில் கிளர்ச்சி எங்கே வெடிக்கும் என்று அறிஞர்களை வைத்து ஆராய்வது அதன் நோக்கம். சிலி நாட்டில் அம்பலமாகி, 1965-இல் கைவிடப்பட்டது. அது நாடி பார்ப்பதல்ல, வேவு பார்ப்பது.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். நாம் பிழைக்க வந்தவர்கள். 1966-ஐ அடுத்த வருஷங்களில் பம்பாயில், வேலையைப் பறித்தவன் தென்னிந்தியன் என்று மேடையில் மூட்டிய கோபம் தெருவில் யார் தலையில் விழுந்தது? அந்தச் சூட்டை முன்கூட்டி அளந்து ஊரறியச் சொல்ல யாராவது இருந்திருந்தால்?

ஆகவே தோழர்களே, மக்கள் பணத்தில் மக்கள் மனத்தை அளக்கட்டும். ஆனால் கேட்பவன் பெயரை வெளியிடக்கூடாது, பதில் சொல்ல மறுக்க நமக்கு உரிமை வேண்டும், முடிவை மறைக்கக்கூடாது. அதுவரை நம் தராசு நம்மிடமே இருக்கிறது. அடுத்த முறை ஒரு மேடைப் பேச்சைக் கேட்டுக் கொதித்து வீடு திரும்பினால், ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள்: இந்தச் சூட்டை ஏற்றியவன் யார்? இதில் குளிர்காய்பவன் யார்?