சிறு கடைகளும் செயற்கை நுண்ணறிவும்

(உபயதாரர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆலய மேடையில் செயற்கை நுண்ணறிவுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நமது உபயப் பட்டியலைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். அபிஷேக உபயம், அன்னதான உபயம், புஷ்ப அலங்கார உபயம் என்று வரிசையாக வரும் பெயர்களில் எத்தனை பெயர்கள் மாலைக் கடை, மளிகைக் கடை, தையற்கடை, உணவுக் கடை நடத்துபவர்களுடையவை! சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் பஃப்ளோ ரோட்டிலும் கடை திறந்தால்தான் இங்கே பல உபயங்கள் நடக்கும். அந்தக் கடைக்காரர்கள் வாடகைச் சுமையையும் ஆள் பற்றாக்குறையையும் தாங்கிக்கொண்டு தொழில் செய்கிறார்கள். பகல் முழுதும் கல்லாவில் நின்றவர், கடையைச் சாத்திய பிறகு இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார், கணக்குப் பார்க்கிறார். மகனோ மகளோ இந்தப் பாட்டைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கடை வேண்டாம்" என்று வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த இரவு வேலையை இந்தப் புதிய கருவிகளால் எவ்வளவு குறைக்கலாம், எந்த இடத்தில் இவற்றை நம்பக் கூடாது என்பதே இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். ஓய்வு பெற்ற ஆசிரியர் என்பதால் குறளில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2022ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின் ஜெமினி, கோபைலட், கிளாட் என்று பல வந்துவிட்டன. இவற்றுள் எது சிறந்தது என்று விவாதித்து நேரத்தைப் போக்க வேண்டாம். சிறு கடைக்கு ஆரம்பத்தில் எதன் இலவசப் பதிப்பும் போதும். ஆனால் இவை வேலை செய்யும் முறையை மட்டும் தெரிந்துகொள்வது அவசியம். உலகத்தில் எழுதப்பட்ட ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகி, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போவதுதான் இவற்றின் அடிப்படை. ஆகவே மொழி சரளமாக வரும். விஷயம் தெரியாதபோதும் அதே சரளத்துடன்தான் வரும். வகுப்பில் படிக்காமலேயே பக்கம் பக்கமாகப் பதில் எழுதும் மாணவர்களைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இது புதிதல்ல!

சரி, எதற்குப் பயன்படுத்தலாம்? முதலாவதாக நான் சொல்வது, வந்த கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு. விளம்பரம் எழுதுவதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். என் கருத்து வேறு. கடை உரிமையாளரிடமிருந்து நான்கு பக்கத்தில் ஆங்கிலத்தில் குத்தகைக் கடிதம் வருகிறது. அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. சரக்கு அனுப்புபவர் விதிமுறைகளை மாற்றி அறிவிக்கிறார். நம்மில் பலர் கடைசிப் பத்தியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் கடிதத்தைக் கருவியிடம் கொடுத்து, "இதில் நான் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும்? எந்தெந்த இடத்தில் எனக்குக் கூடுதல் செலவு வரும்? எளிய தமிழில் சொல், ஒவ்வொன்றுக்கும் கடிதத்தின் எந்தப் பத்தி என்று காட்டு" என்று கேளுங்கள். பத்தியைக் காட்டச் சொல்வது முக்கியம். அப்போதுதான் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். குத்தகையில் கையெழுத்திடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவீர்கள்.

அடுத்தது, ஆர்டர் எடுப்பது. மாலைக் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் எப்படி வருகின்றன என்பது உங்களுக்கே தெரியும். "அண்ணே, வெள்ளிக்கிழமை காலைல ரெண்டு ரோஜா மாலை, இல்ல மூணு, அப்புறம் உதிரிப்பூ, போன தடவை மாதிரி" என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும். தைப்பூசம், நவராத்திரி காலங்களில் இப்படி வந்து குவியும். இவற்றை எழுத்தாக மாற்றி, தேதி, நேரம், வகை, எண்ணிக்கை என்று அட்டவணையாக்கித் தரும் வேலையை இக்கருவிகள் செய்கின்றன. அத்துடன், "எந்த ஆர்டரில் எந்த விவரம் விடுபட்டிருக்கிறது என்று தனியாகக் காட்டு, நீயாக எதையும் நிரப்பாதே" என்றும் சொல்லிவிடுங்கள். "போன தடவை மாதிரி" என்பதற்கு உங்கள் நோட்டுப் புத்தகத்தில்தான் விடை இருக்கிறது. சொல்லாவிட்டால் அது தானாக ஓர் எண்ணைப் போட்டுவிடக்கூடும்.

ஒன்றை இடையில் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. கடை நேரம் என்ன, எந்த எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில், விநியோகம் உண்டா போன்ற கேள்விகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். செலவில்லை, தவறும் வராது. இதைச் செய்யாமலே சிலர் மாதம் பல நூறு வெள்ளி கொடுத்து ஏதேதோ மென்பொருளை வாங்கப் பார்க்கிறார்கள்.

விற்பனைக் கணக்கைப் பார்ப்பதில் இக்கருவிகளுக்குப் பெரிய பயன் உண்டு. ஆனால் நம் கடைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தீபாவளி 2023இல் நவம்பர் 12ஆம் தேதி வந்தது. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. மளிகைக் கடைக்காரர் ஒருவர் மூன்று ஆண்டு விற்பனைப் பட்டியலைக் கொடுத்து, "அக்டோபர் விற்பனை எப்படி?" என்று மட்டும் கேட்டால், 2023ஐவிட அடுத்த ஆண்டுகளில் அக்டோபர் விற்பனை வளர்ந்துவிட்டது, நவம்பர் விற்பனை சரிந்துவிட்டது என்று கருவி அழகாக அறிக்கை எழுதிவிடும். வளர்ந்ததும் இல்லை, சரிந்ததும் இல்லை, பண்டிகை இடம் மாறியிருக்கிறது. அதை நம்பி நெய்யும் முந்திரியும் தவறான வாரத்தில் வாங்கி வைத்தால் பணம் முடங்கும். ஆகவே நாம் கேட்க வேண்டியது: "ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி நாள் இது. அதற்கு முந்தைய ஆறு வாரங்களை வாரவாரமாக எடுத்து மூன்று ஆண்டுகளையும் ஒப்பிடு." புரட்டாசி மாதமும் இப்படித்தான். நம்மவர் பலர் அந்த மாதம் முழுதும் சைவம் என்பதைக் கருவியிடம் நாம்தான் சொல்ல வேண்டும். 2026இல் தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி. இப்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வார்த்தை: கூட்டல் கழித்தலை எக்செல் செய்யட்டும். இவை சில நேரம் சாதாரணக் கூட்டலிலேயே பிசகுவதுண்டு. நூறு பேருக்கான சாம்பார் அளவை முந்நூறு பேருக்கு மாற்றிக் கொடுத்தாலும் சமையற்காரர் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

இனி எழுதும் வேலை. "பூக்கடைக்கு விளம்பரம் எழுது" என்றால் எந்த ஊர்ப் பூக்கடைக்கும் பொருந்தும் நான்கு வரிகள் கிடைக்கும். குறிப்பு கொடுக்காமல் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவன் கதை விடுவான் அல்லவா? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நான் தேக்காவில் மாலை கட்டி விற்கிறேன். என் வாடிக்கையாளர்கள் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள். ஆடி வெள்ளிக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் ஆர்டர் கொடுத்தால் மறுநாள் காலை ஏழு மணிக்குத் தயார். இந்த மூன்று விவரத்தை மட்டும் வைத்து ஐந்து வரியில், மரியாதையாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுது." உபயோகமான பதில் வரும்.

ஆனால் தமிழை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து! இவை கற்றுக்கொண்ட எழுத்தில் ஆங்கிலம் மிகப் பெரும் பங்கு, தமிழ் மிகச் சிறு பங்கு. அதனால் வாக்கியம் ஆங்கில நடையில் நொண்டும். வாய்விட்டு ஒரு முறை படித்தால் உங்களுக்கே தெரியும். படம் வரையும் கருவியிடம் தமிழ் எழுத்துடன் பதாகை கேட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, படிக்கவே முடியாத எழுத்துகள் வருவதுண்டு. எழுத்தை மனிதர் கையால் தனியாகச் சேர்ப்பதே நல்லது. சுவாமி படங்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எண்ணிக்கை தவறிய கைகளும் உருமாறிய ஆயுதங்களுமாக வரும் படங்களை விழா வாழ்த்து என்று கடை வாசலில் மாட்டாதீர்கள். ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023 இறுதியில் வெளியிட்ட சீ-லயன் என்னும் மொழி மாதிரி, தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் சேர்த்துக்கொண்டு உருவானது. நம் மொழிக்கு இங்கே ஓர் இடம் தொடர்ந்து இருக்கிறது.

அன்பர்களே, நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். வாடிக்கையாளருக்குத் தானாகவே பதில் சொல்லும் கருவியைக் கடையில் வைத்தால், அது சொல்வது கடை கொடுத்த வாக்காகிவிடும். கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில், பாட்டி இறந்த துக்கத்தில் பயணம் செய்ய வேண்டியிருந்த ஒருவர் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். பயணம் செய்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று தானியங்கிப் பதில் வந்தது. உண்மையில் நிறுவனத்தின் விதி அப்படியில்லை. பணம் மறுக்கப்பட்டது. வழக்கு வந்தபோது, அந்தத் தானியங்கி தனக்குத் தானே பொறுப்பு என்பது போன்ற ஒரு வாதத்தை நிறுவனம் வைத்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சுமார் 800 கனடிய டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது.

பெரிய விமான நிறுவனத்துக்கு அது சில்லறைக் காசு. நம் கடைக்கு அப்படியல்ல. தைப்பூச விரதம் இருக்கும் ஓர் அம்மா நள்ளிரவில் செய்தி அனுப்பி, "இந்தப் பலகாரத்தில் முட்டை சேருமா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி, உங்கள் சமையற்கட்டை அறியாமலேயே, "சேராது" என்று சொல்லிவிடுகிறது. அவர் வாங்கிச் சாப்பிட்டு, பிறகு உண்மை தெரிந்தால், அந்த விரதத்துக்கு நீங்கள் என்ன நஷ்டஈடு கொடுப்பீர்கள்? ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு நிலக்கடலை பற்றி இதே தவறு நடந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே பொருளில் என்ன சேர்க்கப்படுகிறது, விலை எவ்வளவு, எந்த நாளில் கிடைக்கும், பணம் திருப்பித் தரப்படுமா ஆகிய நான்குக்கும் மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும். "காலை ஒன்பது மணிக்குக் கடைக்காரர் உங்களுக்குப் பதில் சொல்வார்" என்று சொன்னால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். கல்லாவில் பல ஆண்டுகளாக நிற்கும் அக்காவுக்கு யார் வீட்டில் என்ன விரதம் என்பது தெரியும். கருவி வந்துவிட்டது என்று அவரை அனுப்பிவிட நினைப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும். அமாவாசை, கிருத்திகை நாள்களையும் கருவியைக் கேட்டு அறிவிக்காதீர்கள். பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அல்லது ஆலய அலுவலகத்தைக் கேளுங்கள்.

வாடிக்கையாளர் விவரங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறு கடைகளையும் சேர்த்துத்தான். கடிதத்தையோ பட்டியலையோ கருவியிடம் கொடுக்கும் முன் பெயர், தொலைபேசி எண், முகவரி, அடையாள அட்டை எண், ஊழியரின் வேலை அனுமதி எண் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். நம் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமைப்பில் மாற்றிக்கொள்ளவும் பல கருவிகளில் வழி உண்டு.

மோசடிக்காரர்களும் இதே கருவிகளை வைத்திருக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு நிறுவனத்தின் ஊழியர், காணொளிக் கூட்டத்தில் தம் மேலதிகாரிகளைப் போலவே தோன்றிய போலி உருவங்களை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார் என்ற செய்தி வெளிவந்தது. நம் அளவில், சரக்கு அனுப்புபவரின் குரலிலேயே, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று அழைப்பு வந்தால், பழைய எண்ணுக்கு நீங்களே திரும்ப அழைத்துக் கேளுங்கள். பேநவ் மூலம் பணம் கட்டியதாகப் படம் காட்டினால், உங்கள் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள்.

கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு இரண்டு தகவல்கள். 40 வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்தில் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை வழங்கப்பட்டது. குறிப்பிட்ட வகுப்புகளுக்கே அதைப் பயன்படுத்த முடியும் என்பதால், சேரும் முன் அந்த வகுப்பு பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். மென்பொருள் வாங்க அரசாங்க மானியம் நாடுவோர், விற்பனையாளரிடம் பணம் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கட்டிய பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது.

மதிய அன்னதானம் முடிந்ததும் ஆலய இளைஞர் குழுவினர் சிலர் மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். உங்கள் கைத்தொலைபேசியிலேயே இன்னும் பதில் எழுதாத கடிதம் ஒன்றாவது இருக்கும். பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு அதை அவர்களிடம் காட்டுங்கள். கூடவே அமர்ந்து செய்து காட்டுவார்கள். கட்டணம் எதுவும் இல்லை. தமிழில் பிழை இருந்தால் திருத்தித் தர நானும் அங்கேயே இருப்பேன்.