நகரை விட்டுச் செல்வதா?



அலிப்பூரில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர் சிலர், தெற்கே பாருய்ப்பூர்ப் பக்கம் மனை வாங்கிக் குடியேறலாமா என்று எண்ணுகின்றனர். எங்கள் இல்லத்திலும் அதே பேச்சுத்தான்.

கொய்யாவுக்குப் பெயர்பெற்ற அவ்வூரைச் சென்று கண்டோம். குளமும் தோப்பும் கண்ணைக் குளிர்வித்தன. முற்றத்தில் கோலமிடலாம், வாழை வைக்கலாம் என்று என் அன்னையார் மகிழ்ந்தார்.

ஆனால், அன்று ஞாயிற்றுக்கிழமை! பின்னர் வேலைநாள் ஒன்றில், கொட்டும் மழையில், அங்கிருந்து புறப்பட்டுப் பார்த்தேன். பாலிகஞ்சு வரை நெரிசலில் ஒரு வண்டி. அங்கே இறங்கி மாஜேர்ஹாட்டுக்கு மற்றொன்று. அலுவலகம் சேருமுன்பே உடல் சோர்ந்துவிட்டது.

சிற்றூர் என்றும் சிற்றூராகவே இருக்கும் என்றும் நம்புவதற்கில்லை. ஜோக்கா 2012-இல் கொல்கத்தா மாநகராட்சியில் இணைந்தது. அங்கிருந்து 2022 டிசம்பரில் தாராதலா வரையிலும், 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரையிலும் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. அமைதியை நாடிச் செல்பவரைத் தொடர்ந்து நகரமும் வந்துவிடுகிறது.

எனினும், என்னைத் தயங்கவைத்தது தொலைவன்று. வங்கமொழி அறியாத அன்னையார் பகல் முழுதும் அங்கே எவருடன் பேசுவார்? இங்கே கதவைத் திறந்தால் தமிழ்க் குரல் கேட்கிறது.

ஆதலின், மனை வாங்குமுன் ஓராண்டு அங்கே வாடகைக்கு இருந்து, ஒரு மழைக்காலத்தையும் கண்டுவிடுவதென்று முடிவு செய்தோம். தனித்தன்று, இரண்டு மூன்று குடும்பங்களாகச் செல்லவே விருப்பம். உடன்வர எண்ணுவோர் விழா முடிந்ததும் எங்களைக் காணுங்கள். அன்னையார் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். “உங்களுக்கு எந்த ஊர்?” என்று அவரே முதலில் கேட்பார்.